பத்து விநாடி வலிப்பு

வலிப்பு என்றதும் கீழே விழுந்து கைகால் வெட்டிக்கொள்வதுதான் நம் கண்முன் வரும். அப்படி எதுவுமே இல்லாத வலிப்பும் உண்டு. பெரும்பாலும் 4 வயதுக்கும் 10 வயதுக்கும் இடையில் தொடங்கும். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை சட்டென்று நிறுத்தி வெறித்துப் பார்க்கும், கூப்பிட்டாலும் திரும்பாது. பத்து விநாடி கழித்து விட்ட இடத்திலிருந்து படிக்கும். இப்படி ஒரே நாளில் பல முறை. இதை ஆப்சன்ஸ் வலிப்பு என்பார்கள். வகுப்பில் இதற்குக் கிடைப்பதோ பெரும்பாலும் திட்டு. அது கொடுமை.

அந்தப் பத்து விநாடியில் மூளையில் என்ன நடக்கிறது? மூளையின் நடுவே இருக்கும் தலாமஸின் நரம்பணுக்களில் கால்சியம் சேனல்கள் உள்ளன. புரதத்தால் ஆன நுண்ணிய வாயில்கள். நரம்பணுவுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு. வாயில் ஒரு கணம் திறந்தாலே உள்ளே பாயும். இவற்றில் 'டி' வகை, மிகச் சிறிய மின்மாற்றத்துக்கே திறந்துகொள்ளும். உறக்கத்தில் மூளை தாளமாகத் துடிக்க அது உதவுகிறது. விழித்திருக்கும்போது தலாமஸும் பெருமூளைப் புறணியும் அப்படியொரு தாளத்தில் சிக்கிக்கொண்டால் நினைவு அறுபடுகிறது. மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி சோதனையில் விநாடிக்கு 3 அலைகளாக அது பதிவாகும்.

இது பரம்பரையா? 'டாட்டரிங்' என்ற தள்ளாடும் எலி வகைக்கு இதே போன்ற வலிப்பு உண்டு. அதன் காரணம் ஒரு கால்சியம் சேனலின் மரபணுப் பிழை என்று 1996இல் தெரிந்தது. 2003இல் சீனாவில், இந்த வலிப்புள்ள சில பிள்ளைகளிடம் 'டி' வகைச் சேனலின் மரபணுவில் மாற்றங்களைக் கண்டார்கள். ஆனால் மனிதரில் பெரும்பாலும் ஒரே மரபணு எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. பல சேர்ந்தே வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆகவே தாய்வழியா, தந்தைவழியா என்று வீட்டில் பழிபோடுவதில் பொருளே இல்லை.

எத்தோசக்சிமைடு என்ற பழைய மருந்து 'டி' வகைச் சேனலைத்தான் அடக்குகிறது. அமெரிக்காவில் 453 பிள்ளைகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், அது வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்துக்கு இணையாக வலிப்பை நிறுத்தியது. கவனத்தையும் அதைவிடக் குறைவாகவே பாதித்தது. அதேசமயம், வேறு வலிப்புகளுக்குத் தரும் கார்பமசெபின் இந்த வலிப்பை மோசமாக்கிவிடக்கூடும். வகை தெரியாமல் மருந்து தரக்கூடாது என்பது இதனால்தான்.

பெற்றோரே, ஆசிரியர்களே, பேச்சின் நடுவே உறைந்து நிற்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். முடிந்தால் செல்போனில் படம் பிடியுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டி ஈஈஜி எடுத்துப் பாருங்கள்.