இயந்திரம் வாங்குமுன் எண்ணிப் பார்ப்போம்

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், செயலவை உறுப்பினரும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரை)



நம் மாதர் பிரிவுக்குத் தையல் இயந்திரம் ஒன்று வாங்கித் தர அன்பர் ஒருவர் முன்வந்திருக்கிறார். மறைந்த தம் அன்னையாரின் நினைவாக, விலை எதுவானாலும் தருகிறேன் என்கிறார். அப்படிப்பட்ட மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைச் செயலவை என்னிடம் கொடுத்தது. நான் அறிந்துகொண்டதை இந்த அவையில் ஒளிவு மறைவின்றிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

புதிதாக வந்திருப்போருக்காக ஒரு சிறு விளக்கம். இல்லங்களிலிருந்து வரும் பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்து, வெட்டி, ஒட்டுச் சேர்த்து நம் சகோதரிகள் போர்வை தைக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘கில்ட்’ என்பார்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, கையால் ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் ‘காந்தா’வும் இந்த இனந்தான். அம்பாளுக்குச் சாத்திய புடவைகளை நாம் இதற்குத் தொடுவதில்லை.

“இந்த வெயில் நாட்டில் போர்வை எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம், குளிர்சாதன அறையில் கையை அசைக்காமல் படுத்திருக்கிறார்கள். நம் போர்வைகள் அவர்களுக்காகத்தான்.

ஒட்டுச் சேர்ப்பது எளிது. மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் பெரும்பாடு. வீட்டு இயந்திரத்தில் ஊசிக்கு வலப்புறம் 7, 8 அங்குல இடமே இருக்கும். முழுப் போர்வையையும் சுருட்டி அந்தச் சந்தில் திணித்துத் தள்ள வேண்டும். அடித்துணி சுருங்கிப் போகும். தோள்பட்டை வலியெடுக்கும். ஒரு போர்வையை முடித்துவிட்டு இரண்டு நாள் தைலம் தேய்க்கும் சகோதரிகள் இங்கேயே இருக்கிறார்கள்.

இதற்கென்றே அமெரிக்காவில் பெரிதும் புழங்குவது ‘லாங் ஆர்ம்’ இயந்திரம். நீண்ட கை உடையது என்று பொருள். துணி உருளைகளில் இழுத்துக் கட்டப்பட்டு அப்படியே நிற்கும். தையல் இயந்திரம் தண்டவாளத்தின் மீது நகரும். கைப்பிடியைப் பிடித்துக் கோலம் போடுவதைப் போலத் தைத்துக்கொண்டே போகலாம்.

இதில் இரு வகை. ஒன்றை நாமே கையால் நகர்த்த வேண்டும். மற்றொன்றில் கணினியில் பூவேலையைத் தேர்ந்தெடுத்தால் அதுவே தைக்கும். அன்பர் வாங்கித் தர விரும்புவது இரண்டாவது வகை. விலை முதல் வகையைப் போல் இரண்டு, மூன்று மடங்குகூட ஆகலாம். அது நல்ல இயந்திரமே. கூலிக்குத் தைப்போருக்கு அது பெரும் துணை. ஆனால் நமக்கு ஏற்றதா?

இங்கே என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மண்டபத்தின் பின்னறையில் துணி போர்த்தி வைத்திருக்கிறோமே, கணினிப் பூத்தையல் இயந்திரம், அதை வாங்கச் சொன்னவள் நான்தான். ஒரு மாலை இடியும் மழையுமாக வந்தது. மின்சுற்றுப் பலகை எரிந்துபோயிற்று. விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள், மாற்றுப் பாகம் கிடைக்கவில்லை. நன்கொடையாளர் தந்த பணம் அந்தத் துணிக்கடியில் தூங்குகிறது. திருவிழாவுக்கு நாற்காலி எடுக்க அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் தலைகுனிகிறேன்.

தோட்டத்தில் என் தாயார் தவணை கட்டி வாங்கிய சிங்கர் இயந்திரம் கால்மிதி வார் அறுந்தால் கடையில் புது வார் வாங்கி மாட்டியதும் ஓடியது. வாங்குவது ஒரு நாள் வேலை. வைத்துக் காப்பாற்றுவது ஆண்டுக்கணக்கான வேலை. ஆகவே இம்முறை சிலவற்றை உறுதிசெய்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

ஒன்று, இடம். போர்வையின் அகலத்தைவிடச் சட்டம் நீளமாக இருக்க வேண்டும். 10, 12 அடிச் சட்டங்கள் உண்டு. முன்னால் மட்டுமன்றிப் பின்னால் நின்றும் தைப்பார்கள் என்பதால் இரு பக்கமும் நடக்க இடம் வேண்டும். தரை சமமாக இல்லாவிட்டால் இயந்திரம் தானே ஒரு பக்கம் உருளும்.

இரண்டு, கையின் நீளம். 18 அங்குலம் முதல் 26 அங்குலம் வரையிலும் அதற்கு மேலும் உண்டு. 18 என்றால் 18 அங்குலமும் தைக்கக் கிடைக்காது. தைத்த பகுதி சுருளச் சுருள இடம் குறையும்.

மூன்று, தையலைச் சீராக்கும் கருவி. சக்கரம் உருளும் வேகத்தை உணர்ந்து, வேகமாக நகர்த்தினாலும் மெதுவாக நகர்த்தினாலும் தையல் ஒரே நீளமாக விழச் செய்யும். புதிதாகப் பழகுவோருக்கு இது கட்டாயம் வேண்டும்.

நான்கு, மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். நம் நாட்டு மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டதா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். இடிமின்னலுக்குப் பாதுகாப்புக் கருவியும் பொருத்த வேண்டும்.

ஐந்து, பழுது பார்ப்பவர் யார், எங்கே இருக்கிறார், ஊசியும் பாபினும் உள்ளூரில் கிடைக்குமா? இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

ஆறு, கடையில் காட்டும் மாதிரித் துணியை நம்ப வேண்டாம். நம் புடவை ஒட்டையே கொண்டுபோய், நம் சகோதரிகள் இருவர் நின்று தைத்துப் பார்க்க வேண்டும். பிறகு துணியைத் திருப்பி அடித்தையலைப் பார்க்க வேண்டும். நூல் இழுவை சரியில்லையென்றால் அங்கே தெரிந்துவிடும். குள்ளமானவருக்கும் உயரமானவருக்கும் ஏற்பச் சட்டத்தை ஏற்றி இறக்க முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

என் பரிந்துரை இதுதான். தையலைச் சீராக்கும் கருவியோடு கூடிய, கையால் நகர்த்தும் இயந்திரம் ஒன்றை வாங்குவோம். பின்னாளில் கணினியை இணைக்க வசதியுள்ளதாகப் பார்த்துக்கொள்வோம். மிஞ்சும் தொகையைப் பஞ்சு விரிப்புக்கும் நூலுக்கும் பராமரிப்புக்கும் என்று தனிக் கணக்கில் வைப்போம். நம் சகோதரிகள் வருவது போர்வைக்காக மட்டுமல்ல. கணவரை இழந்தவரும், பிள்ளைகள் வெளியூரில் இருப்பவரும் நாலு பேரோடு சேர்ந்து கைவேலை செய்ய வருகிறார்கள். இயந்திரமே எல்லாவற்றையும் தைத்துவிட்டால் அவர்கள் கைகட்டி நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

அந்த அன்பர் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார். ஐயா, உங்கள் கொடையைச் சிறிதாக்கச் சொல்வதாக எண்ண வேண்டாம். உங்கள் அன்னையாரின் பெயர் பின்னறையில் தூசி படிந்து கிடக்கக் கூடாது என்பதே என் கவலை. அவர் உடுத்திய பருத்திப் புடவைகள் வீட்டில் இருந்தால் இரண்டு கொண்டு வாருங்கள். புது இயந்திரத்தில் முதல் போர்வையை அவற்றில் தைப்போம். குளிரில் படுத்திருக்கும் யாரோ ஒருவருக்கு அது தாய்மடியாக இருக்கட்டும்.

முடிவு உங்களுடையது. எதுவாயினும் மாதர் பிரிவு நன்றியோடு ஏற்றுக்கொள்ளும்.