மாத்திரை ஏன் முன்போல் கேட்பதில்லை?

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், கொழுந்து நிறுவை என்று பேசக் கூடும் நாம் இன்று மாத்திரையைப் பற்றிப் பேசப் போகிறோம். இதுவும் தொழிற் பிரச்சினைதான். பிரட்டுக்குப் போகுமுன் இரண்டு பனடோல், நிறுவை முடிந்து லயத்துக்கு வந்ததும் இன்னும் இரண்டு என்பது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. "முன்னே ஒன்று போட்டால் கேட்டது, இப்போது மூன்று போட்டாலும் கேட்கவில்லை" என்ற பேச்சு எல்லா மலையிலும் இருக்கிறது.

வலி மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. மோர்பின், கோடீன், டிரமடோல் ஆகியவை ஒரே குடும்பம். அவை ஒட்டுவதற்கென்றே நம் நரம்புகளில் பூட்டுப் போன்ற இடங்கள் இருக்கின்றன. மருந்து என்ற சாவி நுழைந்ததும், வலிச் செய்தி மூளைக்குப் போவது குறைகிறது. நாள்தோறும் நுழைந்தால் நரம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. சில பூட்டுகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது, மிஞ்சியவை மந்தமாகின்றன. ஆகவே அதே அளவு போதாமல் போகிறது. இது யாருடைய கெட்ட குணமும் அல்ல. வைத்தியர் சொன்னபடியே குடித்தவருக்கும் இது வரும்.

வேடிக்கை என்னவென்றால், வலி தீர்க்கும் குணம் குறையும், மலச்சிக்கல் மட்டும் குறையாது! திடீரென நிறுத்தினாலோ வியர்வை, உடல் குடைச்சல், வயிற்றோட்டம், தூக்கமின்மை எல்லாம் வரும். வைத்தியரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சில வாரம் விட்டிருந்தவர் மீண்டும் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம், ஏனென்றால் உடல் அதற்குள் அந்தப் பழக்கத்தை மறந்திருக்கும். கூடவே சாராயமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இதைக் கேட்டுவிட்டு, புற்றுநோயில் துடிக்கும் வீட்டுப் பெரியவருக்கு மோர்பின் கொடுப்பதை யாரும் தடுத்துவிடக் கூடாது. அங்கே தேவைக்கேற்ப அளவைக் கூட்டுவது வைத்தியர் அறிந்து செய்யும் வேலை.

பனடோல் கதை வேறு. மோர்பினுக்குப் பழகுவதுபோல் உடல் அதற்குப் பழகுவதில்லை. பின் ஏன் கேட்பதில்லை? வலியை உண்டாக்கும் சுமை இறங்கவில்லை, அவ்வளவுதான். தலையில் கயிற்றை மாட்டிக் கொழுந்தைச் சுமந்து சரிவில் நிற்கும் கழுத்துக்கும் இடுப்புக்கும் மறுநாளும் அதே வேலைதானே? தலைவலிக்காக மாதத்தில் 15 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேலாக மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

500 மில்லிகிராம் பனடோல், வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் அதிலும் குறைக்க வேண்டும். மீறினால் ஈரல் கெடும். டைக்குளோபினெக் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். தண்ணீர் குடிக்காத உடம்பில் அது இன்னும் மோசம். மலையில் மலசலகூடம் இல்லை என்பதற்காக நம் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே வெயிலில் நிற்பது நிர்வாகத்துக்கும் தெரியும்.

ஆகவே மலைக்கு மலசலகூடம், நிறுவைக்கு நடக்கும் தூரத்தைக் குறைத்தல், முதுகு வலி உள்ளவர்களுக்கு இலகு வேலை ஆகிய மூன்றையும் அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்கிறோம். அதற்கு முன், வீட்டில் யார் எந்த மாத்திரையை எத்தனை நாளாகப் போடுகிறார்கள் என்று தோட்டத் தலைவியிடம் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் வெற்று அட்டையையாவது கொண்டுவாருங்கள்.