ஓவியங்கள் நீங்கிய மாளிகை



இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஹௌட்டன் என்றொரு மாளிகை உண்டு. அந்நாட்டின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போல் 1722இல் அதைக் கட்டத் தொடங்கினார். பூங்காவின் எழிலுக்கு இடையூறு என்று அங்கிருந்த ஊர் இடிக்கப்பட்டது. 1729இல் மதிலுக்கு அப்பால் புதிய ஊர் எழுந்தது. பழைய தேவாலயம் மட்டுமே பூங்காவினுள் எஞ்சியது.

மாளிகைச் சுவர்களை ரெம்பிராண்ட், வான் டைக், வெலாஸ்கெஸ் முதலியோரின் ஓவியங்கள் நிறைத்தன. இளைய மகன் ஹொரேஸ் அவற்றை அறைதோறும் விவரித்து எழுதிய நூல் 1747இல் அச்சேறியது. தந்தையார் அதற்கு ஈராண்டு முன்பே, பெருங்கடனை விட்டுவிட்டு மறைந்திருந்தார்.

அக்கடன் பேரன் ஜார்ஜின் தலையில் விழுந்தது. அவரது ஊதாரித்தனமும் அதனுடன் சேர்ந்தது. ஓவியங்களை நாட்டுக்காக வாங்குமாறு 1777இல் ஜான் வில்க்ஸ் நாடாளுமன்றத்தில் வேண்டினார். அவர் குரல் எடுபடவில்லை. 1779இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களை ஏறத்தாழ 40,000 பவுனுக்கு ரஷ்யப் பேரரசி காதரின் வாங்கினார். லண்டனில் தேசிய ஓவியக்கூடம் அமைந்தது 1824இல்தான்.

ஹொரேஸ் உள்ளம் உடைந்தார். ஆயினும் 1789இல் மாளிகையின் ஓவியக்கூடம் தீக்கிரையானது. விற்காதிருந்தால் அங்கிருந்தவை சாம்பலாகியிருக்கக்கூடும். இழப்பு எது, காப்பு எது என்று யார் வரையறுப்பது? ரஷ்யாவிலும் அவை முழுமையாக நிலைக்கவில்லை. 1930களில் சோவியத் அரசு சிலவற்றை விற்றது. வெலாஸ்கெஸின் பெயரோடு வந்த போப்பாண்டவர் ஓவியம் இன்று வாஷிங்டனில் உள்ளது.

2013இல் ஏறத்தாழ எழுபது ஓவியங்கள் சில மாதங்களுக்கு ஹௌட்டனுக்குத் திரும்பின. எந்தச் சுவரில் எது தொங்கியது என்பதை மாளிகையில் கிடைத்த பழைய வரைபடங்கள் காட்டின. விற்ற பின்னும் சுவர்களின் நினைவைத் தாள்கள் காத்திருந்தன. கண்காட்சி முடிந்ததும் ஓவியங்கள் மீண்டும் பிரிந்து சென்றன.

ஆனால் இடிக்கப்பட்ட ஊருக்கு அப்படியொரு நூலை எவரும் எழுதவில்லை. எந்தச் சுவரில் எந்த ஓவியம் இருந்தது என்று அறிய முடிகிறது. எந்த வீட்டில் எவர் வாழ்ந்தார் என்று சொல்ல அப்படியொரு ஏடு இல்லை. ஓவியங்களுக்கு ஒரு ஹொரேஸ் வாய்த்தார். ஊர்களுக்கு வாய்க்க வேண்டியவர்கள் கவிஞர்கள்.