பத்துப் புளியங்கொட்டைகள்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



2002-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள கிரேட் டக் தீவில், வளைகளில் முட்டையிடும் கடற்பறவைகளை ஆராய்ந்தார்கள். ஆட்கள் அடிக்கடி போனால் பறவைகள் கலைந்துவிடும். அதனால் சென்சார் எனப்படும் சிறு உணரிகளை வளைகளில் வைத்தார்கள். வெப்பநிலை, ஈரப்பதம் போன்ற விவரங்களை அவை கம்பியில்லாமல் அனுப்பின. பேட்டரி தீர்ந்தால் உணரி ஊமையாகிவிடும். அதைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி?

இதை ஒன்பதாம் வகுப்பில் விளையாட்டாக நடத்தினேன். மூன்று மாணவர்கள் என்னிடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று கட்டம் தள்ளி நின்றார்கள். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை, அதுதான் பேட்டரி. சுற்றுக்கு ஒருவர் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் அனுப்பும் ஆற்றல் நான்கு மடங்காக வேண்டும். ஆகவே ஒரு கட்டத்துக்கு 1 கொட்டை, இரண்டுக்கு 4, மூன்றுக்கு 9. பெறுவதற்கும் ஆற்றல் செலவாகும். எளிமைக்காக அதை விட்டுவிட்டோம்.

நேரடியாக அனுப்பியபோது கடைசி மாணவன் ஒரே சுற்றில் ஓய்ந்தான். கைமாற்றி அனுப்பியபோது மூன்று சுற்றுகள் ஓடின. அப்போது அருகில் நின்ற மாணவி சொன்னாள்: "டீச்சர், எல்லாரோட செய்தியும் என் வழியாத்தான் போகுது. எனக்குத்தான் முதல்ல தீருது."

எனக்குச் சுருக்கென்றது. ஜூன் மாதம் முதல் அவளேதான் குழுத் தலைவி. நோட்டு சேகரிப்பது, படம் வரைவது, எழுந்து வாசிப்பது எல்லாம் அவள்தான். நன்றாகச் செய்கிறாளே என்று நானும் விட்டிருந்தேன்.

பிறகு சுற்றுக்கொரு முறை இடம் மாறி நின்றார்கள். அதே முப்பது கொட்டையில் ஐந்து சுற்றுகள் ஓடின!

உணரிகளால் இடம் மாற முடியாது, பொறுப்பு மாறலாம். 2000-இல் எம்.ஐ.டி.யில் வெண்டி ஹைன்செல்மன், அனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோர் வெளியிட்ட 'லீச்' முறை இதைத்தான் செய்கிறது. குழுவின் செய்திகளைத் திரட்டிச் சுருக்கித் தொலைவுக்கு அனுப்பும் தலைமை வேலை, உணரிகளுக்குள் மாறி மாறி வருகிறது.

இப்போது என் வகுப்பில் வாரம் ஒரு தலைவர். வேலை கொஞ்சம் தாமதமாகிறது, இரைச்சலும் கூடியிருக்கிறது. ஆனால் இதுவரை வாய் திறக்காத ஒரு மாணவன் போன வாரம் எழுந்து அறிக்கை வாசித்தான். அந்த மாணவி உட்கார்ந்து கேட்டாள்.

உங்கள் வகுப்பில் யாருடைய புளியங்கொட்டை முதலில் தீர்கிறது? நாளைக்கே ஒருமுறை பாருங்கள்.