கூட்டு விரியும்போது குடிகள் அறிதல் வேண்டும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் ஊரில் ஆறு குடும்பத்தார் கூடிப் பொதுக்கிணறு ஒன்று வெட்டினர் எனக் கொள்க. நீர் நன்றாகச் சுரந்தது. அயல்தெருவினர் தம்மையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டினர். குடும்பத் தலைவர் அறுவரும் தமக்குள் பேசி இசைவு தந்துவிட்டனர். ஆனால், நாள்தோறும் குடமெடுத்து வருவோரிடம் எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தமக்கு எத்தனை குடம் குறையும், கயிற்றுக்கும் உருளைக்கும் பணம் தருவோர் யாவர், கோடையில் நீர் வற்றினால் முறை எவ்வாறு வகுக்கப்படும் என்பன ஒன்றும் அவர்களுக்குத் தெரியா. மறுநாட் காலையில் கிணற்றடியில் பூசல் எழுந்தது. பூசலுக்குக் கரணியம் புதியவர் வரவன்று, பழையவர் அறியாமை. அவ்வறியாமைக்குப் பொறுப்போ, அறிந்திருந்தும் சொல்லாது விட்டவர்களுடையது.

நாடுகளின் கூட்டுக்கும் இஃது ஒக்கும். அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் விரிவு. மொழியை உயிரெனப் போற்றுவோர் அவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்குதல் நன்று.

ஆறு நாடுகள் இருபத்தேழானமை

இரண்டாம் உலகப் போரில் ஒன்றையொன்று அழித்த நாடுகள், போர்க்கருவிக்கு மூலமான நிலக்கரியையும் எஃகையும் பொதுவில் வைத்து ஆள்வதென 1951-ஆம் ஆண்டு உடன்பட்டன. பிரான்சு, செருமனி, இத்தாலி, பெல்சியம், நெதர்லாந்து, இலக்சம்பர்க்கு என்னும் ஆறே அவை. 1957-ஆம் ஆண்டின் உரோம் உடன்படிக்கை அக்கூட்டைப் பொதுச் சந்தையாக வளர்த்தது. 1973-இல் பிரித்தானியா, அயர்லாந்து, தென்மார்க்கு ஆகிய மூன்றும் சேர, உறுப்பு நாடுகள் ஒன்பதாயின. 1981-இல் கிரேக்கமும், 1986-இல் இசுப்பானியமும் போர்ச்சுகலும், 1995-இல் ஆசுத்திரியா, பின்லாந்து, சுவீடன் ஆகியனவும் சேர்ந்தன. 2004-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று ஒரே நாளில் பத்து நாடுகள் நுழைந்தன. 2007-இல் பல்கேரியாவும் உருமேனியாவும், 2013-இல் குரோவாசியாவும் வர, தொகை இருபத்தெட்டாயிற்று. 2020 சனவரி இறுதியில் பிரித்தானியா வெளியேற, இருபத்தேழாகக் குறைந்தது.

புதிய நாடு ஒன்று சேர்வது எளிதன்று. நிலையான குடியாட்சி, போட்டியைத் தாங்கவல்ல பொருளியல், ஒன்றியச் சட்டங்களை நிறைவேற்றும் ஆற்றல் ஆகிய மூன்றும் வேண்டுமென 1993-இல் கோபன்னாகனில் வரையறுத்தனர். அம்மூன்றும் இருப்பினும், உள்ளிருக்கும் நாடுகள் அத்துணையும் உடன்பட வேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றம் இசைய வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் அரசியற் சட்டப்படி ஒப்புதல் தர வேண்டும். ஆகவே, ஒரு சிறு நாட்டின் மக்கள் 'இல்லை' என்றாலும் விரிவு தடைப்படும். அத்தடை ஒருகால் நேர்ந்தே விட்டது.

அயர்லாந்து சொன்ன 'இல்லை'

2004-இன் பெருவிரிவுக்கு வழி வகுக்க, 2001 பிப்பிரவரியில் நீசு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. உறுப்பு நாடுகள் பெருகும்போது எந்நாட்டுக்கு எத்துணை வாக்கு வலிமை, ஆணையத்தில் யார்க்கு இடம் என்பனவற்றை வரையறுப்பது அது. பதினைந்து நாடுகளுள் பதினான்கு தத்தம் நாடாளுமன்றத்திலேயே அதனை ஏற்க முனைந்தன. அயர்லாந்து ஒன்றே மக்களைக் கேட்டது. கிராட்டி என்னும் பொருளியல் அறிஞர் தொடுத்த வழக்கில் 1987-இல் அந்நாட்டு உச்ச அறமன்றம் அளித்த தீர்ப்பே அதற்கு அடிப்படை. கூட்டின் தன்மையை மாற்றி நாட்டின் இறைமையைத் தொடும் உடன்படிக்கைக்கு மக்கள் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் சாரம்.

2001 சூன் 7-ஆம் நாள் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. நூற்றுக்கு முப்பத்தைவர் அளவே வாக்களிக்க வந்தனர். வந்தவருள் 53.9 விழுக்காட்டினர் மறுத்தனர். 'தெரியவில்லையா? இல்லை என்று வாக்களி' என்பது மறுப்பாளர் எழுப்பிய முழக்கங்களுள் ஒன்று. ஆட்சியாளர் அதனை எள்ளினர். ஆயினும் அம்முழக்கத்துள் ஓர் உண்மை இருந்தது. படித்து விளங்காத முறிச்சீட்டில் கைந்நாட்டு இடாத உழவனை அறிவிலி என்பார் உண்டோ?

பின்னர் நிகழ்த்திய கருத்தாய்வுகளில், வாராதார் பலரும் மறுத்தார் பலரும் போதிய விளக்கம் பெறாமையையே கரணியமாகக் கூறினர். அதன்பின் அங்கு இரண்டு செயல்கள் நடந்தன. முதலாவது, 2001 அக்தோபரில் ஐரோப்பா பற்றிய நாட்டு மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. சார்புடையாரும் மறுப்புடையாரும் ஒரே அவையில் அமர்ந்து பேசினர். தலைநகராகிய தப்ளினில் மட்டுமன்றி, நாட்டின் பிற பகுதிகளிலும் கூட்டங்கள் நடந்தன. இரண்டாவது, மக்களின் அச்சத்துக்கு விடை கூறப்பட்டது. பிறநாட்டுப் போர்களில் தம் பிள்ளைகள் இழுக்கப்படுவரோ என்பது அயர்லாந்து மக்களின் பெருங்கவலை. படைக்கூட்டில் சேராமை அந்நாட்டின் நெடுநாட் கொள்கை. அதனை உறுதிசெய்யும் அறிக்கைகள் 2002 சூனில் செவீல் நகரில் வெளியிடப்பட்டன. மக்களைக் கேளாமல் ஒன்றியப் பொதுப் பாதுகாப்பில் சேர இயலாதவாறு, அரசியற் சட்டத்திலேயே ஒரு விதியும் சேர்க்க ஏற்பாடாயிற்று.

2002 அக்தோபர் 19-ஆம் நாள் மீண்டும் கேட்டபோது, 62.9 விழுக்காட்டினர் ஏற்றனர். ஆனால், விழுக்காட்டைவிட எண்ணிக்கையே உண்மையைக் காட்டும். முதல் முறை 'இல்லை' என்றோர் ஏறத்தாழ 5 இலக்கத்து 29 ஆயிரவர். இரண்டாம் முறை 5 இலக்கத்து 35 ஆயிரவர். மறுப்பாளர் தொகை குறையவே இல்லை! 'ஆம்' என்றோர் மட்டும் 4 இலக்கத்து 53 ஆயிரத்திலிருந்து 9 இலக்கத்து 6 ஆயிரமாயினர். அஃதாவது, முதல் முறை வீட்டில் இருந்துவிட்டோர் பெருந்தொகையாக வெளியே வந்தனர். விளங்காததால் ஒதுங்கியவர் விளங்கியபின் வந்தனர் என்பதே இதன் பொருள்.

மக்கள் 'இல்லை' என்றால் மீண்டும் கேட்பதும், 'ஆம்' என்றால் அத்தோடு விடுவதும் நயனாகுமா என்று ஒரு வினா எழும். அவ்வினாவில் வலிமை உண்டு. உடன்படிக்கையின் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதும் உண்மை. ஆயினும், இரண்டு வாக்கெடுப்புக்கும் இடையே மக்கள் கவலை செவிமடுக்கப்பட்டு, அவர்தம் அரசியற் சட்டத்தில் காப்பு எழுத ஏற்பாடாயிற்று. செவிமடுக்காமல் திரும்பத் திரும்பக் கேட்பது அழுத்தம். செவிமடுத்தபின் கேட்பது கலந்துரையாடல். இவ்விரண்டையும் பிரித்தறிதல் குடிகளின் கடமை.

அறிந்து மறுத்த நாடும் அறியாது ஏற்ற நாடும்

அறிவித்தல் என்றால் 'ஆம்' என்று சொல்ல வைத்தல் அன்று. நார்வே நாடு இதற்குச் சான்று. அந்நாட்டு அரசு சேர விரும்பி, 1972-இல் மக்களைக் கேட்டது; 53.5 விழுக்காட்டினர் மறுத்தனர். 1994-இல் மீண்டும் கேட்டது, 52.2 விழுக்காட்டினர் மறுத்தனர். இரண்டாம் முறை நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேருக்கு மேல் வாக்களித்தனர். மீனவரும் உழவரும் தத்தம் தொழிலுக்கு வரும் ஊதியம் இழப்பு இரண்டையும் எடைபோட்டு, ஊர்தோறும் வழக்காடிய பின் எழுந்த முடிவு அது. அரசும் அதனை மதித்தது. அறிந்து சொன்ன 'இல்லை'யும் நல்லறிவித்தலின் பயனே.

மறுபுறம் பிரித்தானியாவைக் காண்க. 2004-இல் பத்து நாடுகள் சேர்ந்தபோது, பழைய நாடுகளுட் பல, புதிய நாட்டுத் தொழிலாளர்க்குச் சில ஆண்டுகள் கதவடைத்தன. பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்றும் முதல் நாளே பெரிதும் திறந்துவிட்டன. பிரித்தானிய அரசு முன்னரே ஏற்பாடு செய்த ஓர் ஆய்வு, ஆண்டுக்கு 5 ஆயிரம் முதல் 13 ஆயிரம் பேரே கூடுதலாக வந்து தங்குவர் எனக் கணித்திருந்தது. செருமனி முதலிய பிற நாடுகளும் கதவு திறக்கும் என்ற எண்ணத்தின்மேல் எழுந்த கணக்கு அது. அவை திறக்கவில்லை. ஆனால் அந்த எண் மட்டும் மக்களிடையே நின்றுவிட்டது. வந்தவர் தொகையோ அதனைப் பன்மடங்கு விஞ்சிற்று. வந்தோர் உழைத்தனர், வரி செலுத்தினர், அவர்மேல் குற்றமில்லை. ஆயினும், 'எம்மிடம் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று' என்ற மனக்கசப்பு வேரூன்றிற்று. 2016 சூன் 23-ஆம் நாள் 51.9 விழுக்காட்டினர் வெளியேற வாக்களித்ததற்குக் கரணியங்கள் பல. அவற்றுள் இக்கசப்பும் ஒன்று.

எம்மொழியில் சொல்வது?

சொல்லுதல் வேண்டும் என்பது முதற் கடமை. எம்மொழியில் சொல்லுதல் என்பது அதனினும் பெரிது.

அக்கூட்டின் அமைச்சரவை 1958-இல் இயற்றிய முதல் ஒழுங்குமுறையே மொழி பற்றியது. செருமானியம், பிரெஞ்சு, இத்தாலியம், தச்சு ஆகிய நான்கும் ஒப்ப நிற்கும் ஆட்சிமொழிகள் என அது விதித்தது. குடிமகன் ஒருவன் அவற்றுள் தான் விரும்பும் மொழியில் எழுதினால், அம்மொழியிலேயே விடை பெறுவான். ஒன்றியம் விரிய விரிய மொழிகளும் பெருகின. 2004-இல் இருபது, 2007-இல் இருபத்து மூன்று, 2013-இல் குரோவாசிய மொழியோடு இருபத்து நான்கு. ஒவ்வொன்றிலிருந்தும் மற்றவற்றுக்குப் பெயர்க்கும் இணைகளை எண்ணின் 552 ஆகும். செலவு மிகுதி என்போர் உளர். ஆனால், தன்னை ஆளும் சட்டத்தைத் தன் மொழியில் படிக்க இயலாதவன் குடிமகன் ஆவானா? அவன் வெறும் குடியிருப்பவனே.

மால்ட்டா என்னும் சிறு தீவு நாட்டின் மக்கள் ஐந்து இலக்கத்துக்குச் சற்று மேற்பட்டோரே. 2003 மார்ச்சில் 53.6 விழுக்காட்டு வாக்கால் சேர முடிவு செய்தனர். அவர்கட்கு ஆங்கிலமும் தெரியும், 'ஆங்கிலம் போதாதா?' என்று கேட்கலாம். போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. மால்ட்டியம் ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. மொழிபெயர்ப்பாளர் போதாமையால், சட்டங்கள் அனைத்தையும் பெயர்க்கும் கடமைக்கு மூன்றாண்டுத் தவணை தரப்பட்டது. அதன்பின் அது நிறைவேற்றப்படலாயிற்று. அயர்லாந்தின் ஐரிசு மொழியோ 2007-இல்தான் அந்நிலை பெற்றது; முழு அளவில் நடைமுறைக்கு வந்தது 2022-ஆம் ஆண்டின் முதல் நாளில். 1973-இலேயே கேட்டிருக்க வேண்டியதை அந்நாடு கேளாது விட்டமையால், நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

மாலையின் மறுபக்கமும் உண்டு. மால்ட்டியம் பேசுவோரினும் பன்மடங்கு மிக்கோர் கத்தலான் மொழி பேசுவோர். ஆயினும் ஒன்றியத்துள் அவர்க்குத் தனி அரசு இல்லை; ஆதலால் அம்மொழிக்கு ஒன்றியத்தில் ஆட்சிமொழி நிலை இல்லை. 2023-இல் இசுப்பானிய அரசு, கத்தலான், பாசுக்கு, கலீசியம் ஆகிய மூன்றுக்கும் அந்நிலை கேட்டது. அதற்கு எல்லா நாடுகளின் இசைவும் வேண்டும். 2025-இன் நடுப்பகுதி வரையும் அது கிட்டவில்லை. மொழி பெரிதாயினும் அதற்குப் பேசவல்ல அரசு இல்லையேல், விரியும் கூட்டிலும் அது வாயிலிலேயே நிற்கும். இது நெஞ்சில் பதியத் தக்க உண்மை.

கடைப்பிடி

விரிவு இன்னும் முடிந்துவிடவில்லை. 2022 சூனில் உக்ரைனும் மால்டோவாவும் சேர்வுக்குரிய நாடுகளாக ஏற்கப்பட்டன. 2024 அக்தோபரில் மால்டோவா மக்கள், ஒன்றியத்தில் சேரும் குறிக்கோளை அரசியற் சட்டத்தில் எழுத ஒப்பினர், ஒப்பியோர் 50.35 விழுக்காட்டினரே. மயிரிழை வேற்றுமை! பாதி மக்கள் ஐயுறும் ஒரு முடிவை நிலைநிறுத்த, பறையறைதல் போதாது. ஊதியத்தையும் இழப்பையும் மறையாது, வீடுதோறும் சென்று, அவரவர் தாய்மொழியில் விளக்குதல் வேண்டும்.

பெருமக்களே! கூட்டு எதுவாயினும், அது பெருகும்போது குடிகள் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. சேர்வதால் வருவது யாது, போவது யாது? எம்மைக் கேட்டீர்களா? எம் மொழியில் சொன்னீர்களா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை தரும் கூட்டு நிலைக்கும். விடை தராத கூட்டு, எத்துணைப் பெரிதாயினும், ஒருநாள் கிணற்றடிப் பூசலில் முடியும்.

கிணறு அகலட்டும், புதியவர் வரட்டும், நீர் அனைவர்க்கும் பொதுவாகட்டும். ஆனால், குடம் சுமப்போர்க்கு முன்னதாகச் சொல்லுங்கள். அவர் மொழியிலேயே சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வாழ்க மொழிகள் அனைத்தும்!