ஓரறிவு என்பது குறையறிவா?



தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவுயிர்கள். அவ்வறிவு தொடுவுணர்வாகிய உற்றறிவு. இன்றைய வழக்கில் ‘ஓரறிவு’ என்பது பெரும்பாலும் குறைவைச் சுட்டும் சொல்லாகிவிட்டது. அந்த ஒன்றினுள் அடங்கியவை எத்துணை என்பதே இவ்வுரையின் பொருள்.

பந்தலில் படரும் பாகற்கொடியைக் காண்க. அதன் பற்றுக்கம்பி வெளியில் துழாவுகிறது. குச்சியொன்றைத் தொட்டதும் சுற்றி வளைந்து பற்றிக்கொள்கிறது. தொட்டாற்சிணுங்கியோ சில நொடிகளிலேயே அசைகிறது. இலைக்காம்பின் அடிப்புடைப்பில் ஒருபுறத்து உயிரணுக்களிலிருந்து பொட்டாசிய அயனிகள் வெளியேறுகின்றன. நீரும் தொடர்ந்து வெளியேற, விறைப்பிழந்த இலை தாழ்கிறது.

செடிகளின் மின்துடிப்புகளை நுண்கருவிகளால் ஆராய்ந்தவர் ஜகதீச சந்திர போஸ் (1858-1937). புழு ஓர் இலையைக் கடித்ததும், குளூட்டமேட் என்னும் பொருளின் தூண்டுதலால் கால்சியக் குறி சில நிமிடங்களுக்குள் தொலைவிலுள்ள இலைகளை அடைவதை, 2018இல் ஜப்பானிய, அமெரிக்க அறிஞர்கள் ஒளிரும் படங்களாகவே காட்டினர். கடிபடாத இலையும் தற்காப்புக்கு ஆயத்தமாகிறது.

தன்னைத்தான் நெறிப்படுத்தும் திறனும் செடிக்கு உண்டு. மண் வறண்டால் அப்சிசிக் அமிலம் பெருகி இலைத்துளைகளை மூடச் செய்கிறது. நீர் காக்கப்படுகிறது. ஆயின் கரியமிலவாயு புகும் வாயிலும் அத்துளைகளே. மூடினால் உணவாக்கம் குறையும். தாகத்திற்கும் பசிக்கும் இடையே செடி ஓயாது நிறுத்துப் பார்த்தே வாழ்கிறது.

இங்குக் கவிஞர்கள் இரண்டு பிழைகளைத் தவிர்த்தல் வேண்டும். முன்னோர் யாவற்றையும் அன்றே கண்டுவிட்டனர் என்பது ஒன்று. தொட்டாற்சிணுங்கி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்த செடி. தொல்காப்பியர் அதனைக் கண்டிருக்க இயலாது. செடி ஒளியையும் உணர்கிறது. அஃது அவர் வகுப்பில் அடங்காது. உயிர் வரிசையில் புல்லுக்கும் அறிவுண்டு என்று இடமளித்த நோக்கே அவருடைய பெருமை. அதற்குமேல் ஏற்றிச் சொல்லுதல் அவருக்குப் புகழ் சேர்க்காது.

செடி நோவால் அழுகிறது என்பது மற்றொன்று. செடிக்கு நரம்புமில்லை, மூளையுமில்லை. குறி ஓடுவதை அறிவியல் காட்டியுள்ளது, துயரத்தைக் காட்டவில்லை.

கொடி நாணியது என்று மனித உணர்வை ஏற்றிப் பாடுதல் எளிது. கொடி தன் வழியில் உணர்வதை உற்றுநோக்கிப் பாடுதல் அரிது. பத்தாண்டுகள் சொல்லைப் பயின்ற இவ்விலக்கிய வட்டத்தார், வரும் பத்தாண்டில் அவ்வரிய வழியிலும் நடத்தல் வேண்டும். அதற்கு முதற்படியாக, இல்லந்தோறும் உள்ள பந்தலருகே சற்று நேரம் நின்று பார்த்தல் போதும்.