முழந்தாளிட்டுப் பார்த்த வீடு

நகரத்து அடுக்குமாடி வீடுகளில் இப்போது பொமரேனியன், ஷிட்சு, டாஷ்ஹண்ட் என்று சிறிய இன நாய்கள் பெருகிவிட்டன. குட்டியைத் தேடி வாரக்கணக்கில் அலைகிறவர்கள்கூட, அது வந்து இறங்கப்போகும் வீட்டைத் தயார் செய்ய அரை நாள் ஒதுக்குவதில்லை. அந்த அரை நாள் வேலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். அது அதிகச் செலவு வைக்காது, நம் பார்வையைத்தான் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லும்.

ஒரு காலத்தில் பொமரேனியன் இன்றைய அளவைவிட நன்றாகவே பெரிய நாய். விக்டோரியா மகாராணி 1888-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரிலிருந்து மார்கோ என்ற சிறிய பொமரேனியனைக் கொண்டுவந்த பிறகு, சின்ன உருவத்துக்கு மவுசு கூடியது. இன்று அமெரிக்க இனத்தரப்படி அதன் எடை சுமார் ஒன்றரை முதல் மூன்றேகால் கிலோதான். நம்மூரில் அந்தப் பெயரில் வாங்குகிற பலவும் உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அது சற்றுப் பெரியது. எதுவானாலும் உடம்புதான் சுருங்கியிருக்கிறது, துணிச்சல் சுருங்கவில்லை. சோபாவிலிருந்து யோசிக்காமல் குதிக்கும்.

அங்கேதான் முதல் ஆபத்து. முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு எலும்புகளும் சேர்ந்து ஒடிவது, மிகச் சிறிய இனங்களில் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிற காயம். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால் எலும்பு கூடவும் நாளாகும். டாஷ்ஹண்டின் கதை வேறு. ஜெர்மனியில் வளைக்குள் நுழைந்து வேட்டையாடுவதற்காக வளர்த்த இனம் அது. கால்களைக் குட்டையாக்குகிற மரபுக்கூறுகளில் ஒன்று, முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் வட்டுகளையும் இளம் வயதிலேயே கெட்டியாக்கிவிடுகிறது. ஏறக்குறைய நான்கில் ஒரு டாஷ்ஹண்டுக்கு வட்டு நழுவும் தொல்லை வருகிறது. சிலவற்றுக்குப் பின்னங்கால்கள் செயலிழந்தே போகின்றன. ஆகவே சோபாவுக்கும் கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு சாய்தளமோ அகலமான படியோ வையுங்கள். பளபளக்கும் டைல்ஸ் தரையில் அது ஓடித் திரிகிற வழியெல்லாம் நழுவாத மிதியடி போடுங்கள். கடையில் விற்கிற அலங்காரப் படுக்கை, கழுத்துப்பட்டை எல்லாவற்றையும்விட இந்த இரண்டையும்தான் நான் உயர்வாக மதிப்பேன். கழுத்துப்பட்டையில் சங்கிலியை மாட்டி இழுப்பது இந்தச் சிறிய இன நாய்களின் மெல்லிய மூச்சுக்குழாய்க்கு ஆகாது. மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டைதான் நல்லது.

அடுத்து, முழந்தாளிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். நின்றால் தெரியாத எத்தனையோ அந்த உயரத்தில் தெரியும்: கட்டிலடியில் உருண்டுபோன மாத்திரை, தொங்கும் சார்ஜர் ஒயர், அலமாரி மூலையில் போட்ட அந்துருண்டை, பரண் ஓரத்து எலி மருந்து. பால்கனிக் கிராதியில் உங்கள் கை நுழைகிற இடைவெளி இருந்தால், குட்டியின் தலையும் நுழையலாம். புறாவுக்காக வலை அடித்திருக்கிறோமே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த வலையின் கீழ் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள், பெரும்பாலும் தளர்ந்திருக்கும். தொட்டியில் அரளி இருந்தால் அதை வீட்டிலிருந்தே அகற்றுங்கள். அதன் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு.

சமையலறையில் மனதில் வைக்க வேண்டியது எடைக் கணக்கு. முப்பது கிலோ லாப்ரடாருக்கு வெறும் வயிற்று வலியோடு போகிற சாக்லேட் துண்டு, இரண்டு கிலோ நாய்க்கு உயிராபத்தாக முடியலாம். சாம்பார் சாதத்தில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் கிடக்கிற உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கிற சைலிட்டால், ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று கீழே தள்ளும். நம் காய்ச்சலுக்குப் போடுகிற பாராசிட்டமாலை, பாவம் என்று நாய்க்கும் கொடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

இத்தனையும் செய்த பிறகு மிச்சம் இருப்பது வீட்டு மனிதர்கள். தரையில் உட்கார்ந்து குட்டிக்கு ஊட்டி மகிழ்கிற பாட்டியிடம் அதட்டிச் சொல்லாமல் காரணத்தைச் சொல்லுங்கள். அவரைவிடக் கவனமான காவல் வேறு கிடைக்காது. சிலிண்டர் கொண்டுவருபவருக்குக் கதவு திறக்கும்போது குட்டி எங்கே என்று முதலில் பார்ப்பதும், நாற்காலியில் உட்காருமுன் கீழே பார்ப்பதும் எல்லோருக்கும் பழக வேண்டும். குழந்தைகள் குட்டியை அக்குளைப் பிடித்துத் தூக்கக்கூடாது. ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்புறத்துக்கடியில். சின்னக் குழந்தையானால் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். குட்டி ஒரு வேளை சாப்பிடாமல் துவண்டு கிடந்தால் காத்திருக்க வேண்டாம்; மிகச் சிறிய இனக் குட்டிகளுக்கு ரத்தச் சர்க்கரை வேகமாக இறங்கிவிடும்.

இத்தனை கவனத்தையும் மீறி ஏதாவது தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே நஞ்சாகிவிடும். தின்ற பொருளின் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் இரவில் யார் பார்ப்பார்கள் என்று குட்டி வருவதற்கு முன்பே விசாரித்து, அந்த எண்ணையும் குட்டியின் எடையையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள்.